கேளுங்க, சொல்லுதேன்: கெமிஸ்ட்ரிய எங்க தாயி காணோம்?

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான், காலேஜ்ல எந்த பேப்பர எப்ப எடுக்கணும், எத எடுத்தா பின்னால மாட்டிக்கிட மாட்டோம். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல நின்ன காலு இது, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். மாமியார் மருமக சண்டைக்கு பதில் கேட்டவிய கோவிச்சுக்கிடாதீங்க.

என் மகன் பி.எஸ்சி கடைசி வருஷம். மேஜர்ல நல்ல மார்க்கு. ஆனா சுற்றுச்சூழல் பேப்பர்ல அரியர் நிக்கி. "ரெண்டு கிரெடிட்டுதாம்மா, அது இல்லாட்டாலும் டிகிரி தந்துருவாவ"ங்கான். தருவாவளா? – ஒரு அம்மா, வண்ணார்பேட்டை

தர மாட்டாவ. கல்யாண வீட்டுல அப்பளம் தீந்து போனாலும் பந்தி நடக்கும், இங்க அப்படி நடக்காது. நம்ம பக்கத்து பி.எஸ்சி பொதுவா 140 கிரெடிட்டு, அதுல பார்ட் ஒண்ணு தமிழ், ரெண்டு இங்கிலீஷ், மூணு மேஜர்ங்கிற முக்கியப் பாடமும் அலைடுங்கிற துணைப் பாடமும், நாலுல இந்த சுற்றுச்சூழல், வேல்யூ எஜுகேஷன் மாதிரி சின்ன பேப்பருக, அஞ்சுல என்.எஸ்.எஸ், என்.சி.சி. மேஜர்ல யூனிவர்சிட்டி ரேங்க் எடுத்தாலும் அஞ்சு பார்ட்டும் முடிஞ்சாத்தான் பட்டம். அடுத்த தேர்வுக்கு பணம் கட்டச் சொல்லுங்க, ரெண்டு நாள் உக்காந்து படிச்சா போதும்.

அண்ணாச்சி, எங்க அண்ணன் குடும்பத்தோட கலிபோர்னியா போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அண்ணன் மகன் இங்க பாளையங்கோட்டையில பன்னெண்டாவது பயோ-மேத்ஸ் முடிச்சவன். அங்க வீட்டுக்குப் பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ்ல சேந்துருக்கான். ரெண்டு வருஷம் அங்க படிச்சிட்டு பொறவு பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறி பயாலஜி டிகிரி வாங்கணும்னு பிளானாம். முதல் செமஸ்டருக்கு இங்கிலீஷ், அமெரிக்க வரலாறு, சைக்காலஜி, பயாலஜின்னு நாலு போட்டுருக்கான். "பொதுப் பேப்பர முதல்ல முடி, சயின்ஸ் எல்லாம் பைய பாத்துக்கலாம்"னு கூட்டாளிப் பயலுவ சொன்னானுவளாம். அண்ணனுக்கும் மதினிக்கும் வேலைக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு, அவன் எல்லாத்தையும் என்ட்டதான் வாட்ஸ்அப்புல கேக்கான். நான் ஸ்கூல்ல லேப் அசிஸ்டன்ட், எனக்கு என்னமோ சரியாப் படல. – ஒரு அத்தை, பெருமாள்புரம்

அத்தைக்காரி மூக்கு சரியாத்தான் வேர்த்திருக்கு. நீங்க கடுதாசியோட அனுப்புன, அவன் பேப்பர் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்ட நானும் ரெண்டு தடவ மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தேன், கெமிஸ்ட்ரிய எங்க தாயி காணோம்?

முதல்ல அந்த காலேஜ் என்னன்னு மத்தவியளுக்கும் ஒரு வரி சொல்லிருதேன். அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்னா ரெண்டு வருஷப் படிப்பு, 1901ல சிகாகோவுக்குப் பக்கத்துல ஜோலியட்ங்கிற ஊர்ல ஆரம்பிச்ச பழக்கம், 60 யூனிட் (நம்ம கிரெடிட்டு மாதிரி) முடிச்சா அசோசியேட் டிகிரி, அங்கன இருந்து நாலு வருஷ யூனிவர்சிட்டிக்கு மூணாம் வருஷத்துல போயி ஏறிக்கிடலாம், முழு டிகிரிக்கு 120 வேணும். கலிபோர்னியாவுல இப்படி நூத்துக்கு மேல காலேஜ் இருக்கு, அந்த மாநிலத்துலயே குடியிருக்கிறவியளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், யூனிவர்சிட்டி ஃபீஸோட வச்சுப் பாத்தா கொசுறு. அதனால அங்க போயி சேந்தது நல்ல யோசனைதான், பய கெட்டிக்காரன், எடுத்த பேப்பர்தான் வரிசை மாறிப் போச்சு.

இப்ப நீங்க ஒரு காரியம் செய்யுங்க. சுவத்துல தொங்குத தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு ஒண்ண எடுத்து பின்பக்கத்துல நாலு கட்டம் போடுங்க, ஒரு கட்டம் ஒரு செமஸ்டர். கடைசிக் கட்டத்துல இருந்து பின்னால எழுதிட்டு வாங்க. பயாலஜி டிகிரிக்கு மாறணும்னா பெரும்பாலான இடத்துல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கேக்காவ, அதுவே ரெண்டு செமஸ்டர். ஆர்கானிக் ஒண்ணாம் பாகத்துல உக்காரணும்னா ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டாம் பாகம் முடிச்சிருக்கணும், அந்த ரெண்டாம் பாகத்துக்கு ஒண்ணாம் பாகம் முடிச்சிருக்கணும். எழுதிட்டியளா? நாலு கட்டமும் கெமிஸ்ட்ரியாலேயே நெறஞ்சு போச்சு, ஒரு கட்டம் கூட மிச்சம் கெடையாது. இதுல அந்தப் பய முதல் கட்டத்த சைக்காலஜிக்கு குடுத்துட்டு வந்து நிக்கான். அதுவும் போக சில காலேஜ்ல ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு முன்னாலயே ஒரு அடிப்படை கெமிஸ்ட்ரி போடுவாவ, அதுல மாட்டுனா கட்டம் அஞ்சு. பன்னெண்டாவதுல இங்க மோல் கணக்கு எல்லாம் போட்டு கிழிச்சவனுக்கு அது தேவையில்ல, எந்தப் படியில சேக்கலாம்னு பாக்கிற பிளேஸ்மெண்ட் டெஸ்ட் இருக்கா, நம்ம பிளஸ் டூ மார்க் ஷீட்ட காட்டுனா விடுவாவளான்னு நேர்ல போயி கேக்கச் சொல்லுங்க, கேக்காதவனுக்கு எவனும் தானா வந்து சொல்ல மாட்டான்.

நம்மூர் வயக்காட்டுக்காரவியளுக்கு இத வெளக்கவே வேண்டாம். பாவநாசம் அணையில தண்ணி தெறக்கும்போது நாத்து தயாரா இல்லன்னா பிசான சாகுபடி போச்சு, அடுத்த கார் சாகுபடி வர காத்துக் கெடக்கணும். அங்கயும் சின்ன காலேஜ்கள்ல ஆர்கானிக் ஒண்ணு ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிற ஃபால் செமஸ்டர்ல மட்டும்தான் நடத்துவாவ, ஜனவரியில கெடையாது. அப்ப ஒரு செமஸ்டர் பிந்துனா ஒரு செமஸ்டர் நட்டம்னு நெனைச்சிரக்கூடாது, ஒரு முழு வருஷம் போயிரும்.

அடுத்து அந்த "பயாலஜி". நீங்க எழுதுனதுல பேரு மட்டும்தான் இருக்கு, ஸ்கிரீன்ஷாட்ட பெருசாக்கிப் பாத்தா கீழ சின்ன எழுத்துல நான்-மேஜர்ஸுக்குன்னு போட்டுருக்கு. அது வரலாறு, இசை படிக்கிற பிள்ளையளும் ஒரு சயின்ஸ் பேப்பர் எடுத்தாகணும்ங்கிறதுக்காக வச்ச பேப்பர். நல்ல பேப்பர்தான், ஆனா பயாலஜி மேஜர் கணக்குல ஒட்டாது, யூனிட் ஏறும், தேவை தீராது. மேஜர்ஸுக்குன்னு தனி பயாலஜி இருக்கு, அதுக்கும் பல காலேஜ்ல ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணு முடிச்சாத்தான் உள்ள விடுவாவ. பாத்தியளா, அதுக்கும் தொறவா கெமிஸ்ட்ரி கையிலதான் இருக்கு. பிசிக்ஸ்லயும் இதே கூத்துதான், கால்குலஸ் வச்சு நடத்துறது ஒண்ணு, ஆல்ஜிப்ரா ட்ரிக்னாமெட்ரி வச்சு நடத்துறது ஒண்ணு, எது செல்லும்ங்கிறது போய்ச் சேர யூனிவர்சிட்டிய பொறுத்தது. 

அத எப்படி கண்டுபிடிக்கன்னு கேப்பிய. கலிபோர்னியாவுக்குன்னே அசிஸ்ட்னு ஒரு பொது இணையதளம் வச்சிருக்காவ. இந்த காலேஜ், அந்த யூனிவர்சிட்டி, இந்த மேஜர்னு மூணையும் தட்டுனா எடது பக்கம் யூனிவர்சிட்டி கேக்கிற பேப்பர், வலது பக்கம் உங்க காலேஜ்ல அதுக்கு ஈடான பேப்பர்னு வரும், நம்ம ரேஷன் கார்டுல பேர் பாக்கிறத விட லேசு. கலிபோர்னியா யூனிவர்சிட்டியோட கிளை இருக்கிற டேவிஸ், இர்வைன், சாண்டா குரூஸ்னு மூணு நாலு எடம் மனசுல வச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தாளு பிரிண்ட் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா எல்லாரும் பொதுவா கேக்கிறது எது, ஒருத்தன் மட்டும் கேக்கிறது எதுன்னு பட்டுனு தெரிஞ்சிரும். கூட்டாளிப் பயலுவ சொல்லுறத கேட்டு பேப்பர் எடுக்கிறது, மாப்பிள்ளைய பாக்காம ஜாதகத்த மட்டும் வச்சு கல்யாணம் பேசுற மாதிரி, சமயத்துல சரியாவும் போயிரும், நான் இல்லன்னு சொல்லல.

பொதுப் பேப்பர் முக்கியம் இல்லையான்னு கேட்டா முக்கியம்தான். அங்க 2025 ஃபால்ல இருந்து கால்-கெட்சின்னு ஒரே பட்டியல் ஆக்கிட்டாவ, 11 பேப்பர், 34 யூனிட், இங்கிலீஷ், மேடைப்பேச்சு, எத்னிக் ஸ்டடீஸ், கலை எல்லாம் அதுல வரும். ஆனா அதுல பெரும்பாலானத எந்தக் கட்டத்துலயும் சொருகலாம், லீவுல சம்மர் கிளாஸ்லயும் முடிக்கலாம், ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக் கெடக்காது. சயின்ஸ் மேஜர் பிள்ளைய மேஜருக்கு வேண்டியத முதல்ல பாருங்கன்னு அந்த யூனிவர்சிட்டிக்காரவியளே சொல்லுதாவ. சோத்துப் பானைய அடுப்புல ஏத்திட்டுதான் தொவையல் அரைக்கணும்.

அப்ப முதல் செமஸ்டர்ல என்ன எடுக்க? நான் சொன்னா ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணு, மேத்ஸ்ல அவனுக்கு எந்தப் படி குடுக்காவளோ அது, அப்புறம் அவன் போட்ட இங்கிலீஷ், மூணு போதும். வரலாறும் சைக்காலஜியும் வெளிய. மூணுதானான்னு அண்ணன் கேப்பாவ. அஞ்சு யூனிட் கெமிஸ்ட்ரின்னா வாரத்துக்கு மூணு மணிநேரம் கிளாஸ், ஆறு மணிநேரம் லேப், அதுக்கு மேல ரிப்போர்ட் எழுதுத சோலி. லேப்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும், பியூரெட்ல கடைசி சொட்டு விழுந்து இளம் ரோஸ் நிறம் வந்து நிக்குதா மறையுதான்னு பாத்துட்டு நிக்கும்போது மணி போறதே தெரியாது, ஒரு சொட்டு கூடிப் போனா மறுபடி முதல்ல இருந்து. அடுத்தடுத்த செமஸ்டர்ல லேப் பேப்பர் ரெண்டு வரும், ரெண்டுக்கு மேல ஒரே செமஸ்டர்ல போடுறது கோட்டிக்காரத்தனம். ஜெனரல் கெமிஸ்ட்ரிய சம்மர்ல ஏழெட்டு வாரத்துல முடிக்கலாம்னும் எவனாவது சொல்லுவான், முடிக்கலாம், ஆனா அந்த ஏழெட்டு வாரமும் வேற எந்த நெனப்பும் இருக்கக்கூடாது.

இப்ப கெமிஸ்ட்ரில எடம் இருக்கான்னுதான் அடுத்த கவலை. லேப் பெஞ்சு எத்தனையோ அத்தனை பேருக்குதான் எடம், அதனால இந்த பேப்பர்தான் முதல்ல நெறையும். வெயிட்லிஸ்ட்ல பேர போட்டுட்டு முதல் நாள் கிளாஸுக்கு நேரத்துக்கு முன்னாலயே போயி உக்காரச் சொல்லுங்க. முதல் நாள் வராதவன் பேர வாத்தியார் அடிச்சிருவாரு, அந்த எடம் வெயிட்லிஸ்ட்ல காத்து நிக்கிறவனுக்கு. நம்ம திருச்செந்தூர் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற வேல அங்க செல்லாது, ஆள் இருக்கணும். அந்த காலேஜ்ல கெடைக்கலன்னா பக்கத்து காலேஜ்லயும் அதே பேப்பர் நடக்கும், அங்க எடுத்தாலும் செல்லுமான்னு அசிஸ்ட்ல பாத்துக்கிடலாம்.

எடுத்துட்டு முடியாம பாதியில விடுறதும் சும்மா இல்ல. குறிச்ச தேதிக்குள்ள விட்டா மார்க் ஷீட்ல விலகுனதுக்கு அடையாளமா டபிள்யூன்னு ஒரு எழுத்தோட போயிரும், தேதி தாண்டுனா எஃப். பெயில் ஆனாலும் சரி, டபிள்யூ ஆனாலும் சரி, ஒரே பேப்பர மொத்தம் மூணு தடவைதான் எடுக்க விடுவாவ. நம்மூர் அரியர் மாதிரி பல வருஷம் இழுத்தடிக்க முடியாது. 

நாள் கணக்கும் ஒண்ணு இருக்கு. 'ரெண்டு வருஷம் முடிச்சிட்டு அப்ளை பண்ணலாம்'னு இருந்துரக்கூடாது, ரெண்டாவது வருஷத்து ஃபால்லயே, நவம்பர் கடைசிக்குள்ள யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போயிரணும். அதுக்கு முன்னால செப்டம்பர்ல டேக்னு ஒண்ணு இருக்கு, அவுங்க கேக்கிற மார்க்கும் பேப்பரும் இருந்தா எடம் உறுதின்னு எழுதித் தருவாவ. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ்னு ஆறு எடம் அதுல இருக்கு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இல்ல. அப்ப அவன் கையில இருக்கப்போறது ஒரு வருஷத்து மார்க் மட்டும்தான், அதுல கெமிஸ்ட்ரியே இல்லன்னா யாரு நம்புவா?

விசா எதுன்னு நீங்க எழுதல. அப்பாவோட வேலை விசாவுல ஒட்டிப் போன எச்-4னா அது 21 வயசோட முடிஞ்சிரும், எஃப்-1ங்கிற மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். எஃப்-1னா செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்கு கொறையக்கூடாது, அதுல ஆன்லைன் கிளாஸ் ஒண்ணுதான் கணக்குல எடுப்பாவ, ஃபீஸும் அந்த 46 டாலரோட நிக்காது. இது அண்ணனே பாக்க வேண்டிய சமாச்சாரம், வேலை அது இதுன்னு சொல்லாம ஒரு நாள் லீவு போட்டு காலேஜ் கவுன்சிலர்ட்ட மகனோட போயி உக்காந்து எஜுகேஷன் பிளான எழுத்துல வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அஞ்சாவது கட்டம், ஆறாவது கட்டம் வந்தாலும் பதறாண்டாம், சயின்ஸ் எடுத்த பிள்ளைய மூணு வருஷம் ஆகி மாறுறது அங்க சாதாரணம். தெரிஞ்சு மூணு வருஷம் ஆகலாம், தெரியாம ஆகக்கூடாது, அவ்ளோதான்.

என் நாத்தனார் நம்ம பக்கத்துலயே ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடிச்சிருக்கா, ஒரு வருஷப் படிப்பு. அமெரிக்காவுல மாதிரி இத வச்சு நேரா பி.எஸ்சி ரெண்டாம் வருஷம் சேரலாமா? – கடையநல்லூர்ல இருந்து ஒரு மதினி

பேரு ஒண்ணுதான், சரக்கு வேற. நம்ம நாட்டுல 1995ல பாண்டிச்சேரி யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச கம்யூனிட்டி காலேஜ் வேலைக்கு கைத்தொழில் சொல்லிக் குடுக்கிறதுக்காக வந்தது, டிகிரிக்கு பாதி தூரம் கொண்டு விடுறதுக்கு இல்ல. யு.ஜி.சி கணக்குல ஒரு வருஷ டிப்ளமோ 60 கிரெடிட், ரெண்டு வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோ 120, மூணு வருஷ பி.வோக்ங்கிற தொழில்கல்வி டிகிரி 180ன்னு ஒரு ஏணி இருக்கு, அந்த ஏணியில அதே துறையில மேல ஏற வழி உண்டு. சாதா பி.எஸ்சிங்கிறது பக்கத்து வீட்டு ஏணி, இதுல இருந்து அதுக்குப் பொதுவா தாவ முடியாது. முதல் வருஷத்துல இருந்துதான் வரணும்னு சொல்லுவாவ. எவனாவது "சேத்துக்கிடுதோம், பணத்த கட்டுங்க"ன்னா யூனிவர்சிட்டி உத்தரவு நம்பரோட எழுதிக் கேளுங்க.

இன்னொண்ணு, நாத்தனார் மனசுல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி லேப் வேலை இருந்தா, மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரிச்ச படிப்பான்னு சர்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு எம்.ஆர்.பிங்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட பழைய அறிவிப்பு ஒண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க. தனியார் லேப்ல வேலைக்கு இந்த டிப்ளமோவும் கை வேகமும் போதும், ரத்தம் எடுக்கையில வலிக்காம எடுத்தா அந்தப் பிள்ளைய விட மாட்டாவ.

பி.எஸ்சி கெமிஸ்ட்ரி கெடச்சிருக்கு. அலைடுக்கு மேத்ஸ் இல்லன்னா சுவாலஜி எடுக்கலாம்ங்காவ. மேத்ஸ்னா எனக்கு பயம். சுவாலஜி எடுத்தா என்ன கொறஞ்சு போகும்? – ஒரு தம்பி, அம்பாசமுத்திரம்

தம்பி, 1980கள்ல நானும் இதே எடத்துல நின்னேன்டே. கூடப் படிச்சவன் பாட்டனி எடுத்தான், தவளை அறுக்க வேண்டாம், செடிய வரைஞ்சா மார்க்குன்னான், நானும் எடுத்தேன். மார்க்கும் வந்தது, நல்ல மார்க்கு. மூணு வருஷம் கழிச்சு எம்.எஸ்சிக்கு வெளியூர்ல ஒரு காலேஜுக்கு மஞ்சப் பையில சர்டிபிகேட்ட எடுத்துட்டுப் போயி வரிசையில நின்னா, சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க்கு என் மார்க் ஷீட்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அலைடு மேத்ஸ் எங்க?"ன்னு கேட்டாரு. இல்ல சார்னேன். "அப்ப அடுத்த ஆளு"ன்னாரு. சத்தம் போடல, திட்டல, தாள மடிச்சுக் குடுத்துட்டு எனக்குப் பின்னால நின்னவன் முகத்தப் பாத்தாரு, அம்புட்டுதான். அந்த வருஷம் பூரா அப்பா பலசரக்குக் கடையில வெல்லம் நிறுத்தேன். அடுத்த வருஷம் வேற எடத்துல எடம் கெடச்சது, ஆனா குவாண்டம் கெமிஸ்ட்ரி கிளாஸ்ல எல்லாரும் இன்டெக்ரேஷன் போடும்போது நான் நோட்டுல மார்ஜின் போட்டுட்டு இருந்தேன்.

அதனால நீ எங்க போகணும்னு முதல்ல சொல்லு. எம்.எஸ்சி, அதுக்கு ஐ.ஐ.டியில சேர எழுதுற ஜாம் பரீட்சைன்னு ஆசை இருந்தா மேத்ஸ்தான், ஜாம் கெமிஸ்ட்ரி சிலபஸ்லயே பிளஸ் டூ அளவுக்கு மேத்ஸ் உண்டு, பிசிக்கல் கெமிஸ்ட்ரி பூரா அதுமேலதான் நிக்கி. பயோகெமிஸ்ட்ரி, மருந்து கம்பெனி பக்கம் சாயணும்னா சுவாலஜி உதவும். வாத்தியார் வேலைன்னா மேஜர்ல கெமிஸ்ட்ரிங்கிற பேரு தெளிவா இருக்கணும், அதுதான் முக்கியம். புதுப்புதுப் பேர்ல வருத டிகிரிகள எடுத்துட்டு பொறவு இதுவும் கெமிஸ்ட்ரிக்கு சமம்னு சொல்லுற ஈக்விவலன்ஸ் அரசாணைக்கு அலையுற பிள்ளையள நான் பாத்திருக்கேன். நீ சேரப்போற எம்.எஸ்சி ரெண்டு மூணுக்கு தகுதி என்ன போட்டுருக்குன்னு இப்பவே படி, அலைடு பேப்பர் பேரு அந்த வரியில இருக்கும். பயம்ங்கிறியே, அலைடு மேத்ஸ் ஒண்ணும் மேத்ஸ் மேஜர் மாதிரி இல்லலே, பாஸ் 40தான், பழைய கேள்வித்தாள் அஞ்ச போட்டுப் பழகுனா தாண்டிரலாம்.

லேப் கோட்டு வெள்ளையாத்தான் இருக்கணுமா, கறை போகவே மாட்டேங்கு. – முதல் வருஷ மாணவி, ஆழ்வார்குறிச்சி

வெள்ளைதான் தாயி, காட்டன்ல வாங்கு, பாலியஸ்டர் தீ பட்டா ஒட்டிக்கிடும். பெர்மாங்கனேட் கறைன்னா லேப்லயே ஆக்சாலிக் ஆசிட் கரைசல் துளி கேட்டு வாங்கி தொட்டுவிட்டு ஒடனே நெறைய தண்ணில அலசு, போயிரும். சில்வர் நைட்ரேட் கறைன்னா அது உன்கூடவே மூணு வருஷம் இருந்துட்டுதான் போகும்.